இயந்திரத்தின் மீது அன்பு: பற்றா, வழிபாடா?

மனிதன் தன் கையால் செய்த ஒரு பொருளின் மீது கொள்ளும் அன்பு எந்த எல்லை வரை அறத்தோடு பொருந்தும் என்பது, இந்தியச் சமயங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் எதிர்கொண்ட பழைய கேள்வி. உயிர்களிடம் காட்டும் அன்பை அருள் என்றும் இறைவனிடம் காட்டும் அன்பைப் பக்தி என்றும் போற்றிய நூல்கள், பொருள்களிடம் காட்டும் அன்பைப் பற்று என்று சொல்லி விலக்கின. அன்றாட வாழ்க்கை இந்தக் கோட்டை அவ்வளவு நேராக மதிப்பதில்லை. பெங்களூருவின் கஸ்தூரிபா சாலையில் மக்கள் 'டிராஃபிக் கணேசா' என்று அழைக்கும் பிள்ளையார் கோயிலுக்கு ஆண்டு முழுவதும் புது வண்டிகள் பூசைக்கு வருகின்றன. நவராத்திரியின் ஒன்பதாம் நாளான ஆயுத பூசையன்றோ, நகரத்தின் தெருக்கள் அனைத்திலும் கார்கள் கழுவப்பட்டு, வாழைக்கன்றும் மாலையும் கட்டப்பட்டு, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டு, குங்குமம் தடவிய பூசணிக்காய் உடைக்கப்படுகிறது. அந்த வரிசையில் டாக்சிகளோடும் சரக்கு ஆட்டோக்களோடும் ஸ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களும் நிற்கின்றன. பயணிகளின் எண்ணிக்கையையும் சுமையையும் பின்தள்ளி, ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் வண்டி எவ்வளவு விரைவாகவும் துல்லியமாகவும் பணிகிறது என்பதையே முதற்கருத்தாகக் கொண்டு வடிவமைக்கப்படுவது ஸ்போர்ட்ஸ் கார். பிழைப்புக்குத் தேவையற்ற இப்பொருளின் மீது இந்நகரத்தார் சிலர் வைத்திருக்கும் ஆழ்ந்த அன்பை எந்தப் பெயரால் அழைப்பது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி.

முதலில் ஆயுத பூசையையே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நாளில் தறியும் உளியும் சவரக்கத்தியும் புத்தகமும் தேவியின் முன் வைக்கப்படுகின்றன. மறுநாள் விஜயதசமி வரை அவற்றை யாரும் தொட்டு வேலை செய்வதில்லை. மைசூர் அரண்மனையில் பட்டத்து வாளுக்கும் யானை குதிரைகளுக்கும் நடக்கும் பூசை வாகனங்களுக்கும் நடக்கிறது. இவ்வழிபாட்டில் வணங்கப்படுவது உடைமை அன்று. ஒரு கருவியின் வழியாக மனிதக் கைக்கு வந்து சேரும் திறன். பெங்களூருத் தொழிலாளர்களுக்கு இந்த வேறுபாடு விளக்கத் தேவையில்லாதது. ஜெர்மானிய நிறுவனமான பாஷின் தொடர்போடு 1951-இல் நிறுவப்பட்டு, இந்நகரத்தின் ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் எஞ்சினுக்கு எரிபொருளைச் செலுத்தும் பம்பும் செய்து வளர்ந்த மைக்கோ, 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய பிறகும் ஊர் வாயில் மைக்கோவாகவே இருக்கிறது. இத்தகைய ஆலைகளில் லேத் எந்திரத்துக்குப் பொட்டிடுகிறவர் அந்த எந்திரத்தின் உரிமையாளர் அல்லர். அதனோடு நாள்தோறும் பழகி, அதன் ஒலி மாறுவதை வைத்தே அதன் குறையை அறிகிறவர். உரிமை இல்லாமலே ஒரு பொருளின் மீது வழிபாட்டுணர்வு கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதன் மறுபக்கமும் உண்மையே: உரிமை மட்டும் இருந்து பழக்கமும் அறிவும் இல்லாத இடத்தில், செய்யப்படும் பூசை எவ்வளவு ஆடம்பரமானதாக இருந்தாலும், அது ஆயுத பூசை ஆகாது.

அப்படியானால் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரில் பழகி அறியத்தக்கது என்ன இருக்கிறது? போர்ஷே 911 என்னும் ஒரே வண்டியை எடுத்துக்கொண்டாலே போதும். 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு அறிமுகமாகி, நடுவில் சுழி வரும் மூவிலக்க எண்களுக்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ உரிமை கோரியதால் 911 என்று மாற்றப்பட்ட இந்த வண்டியில், எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்திருக்கிறது. எடையின் பெரும்பகுதி வாலில் சேர்வதால், வளைவின் நடுவே ஓட்டுநர் பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாகச் சுழன்றுவிடும். இது ஒரு வடிவமைப்புக் குறை என்பதில் ஐயமில்லை. வேறு எவரும் எஞ்சினை இடம் மாற்றியிருப்பர். ஸ்டுட்கார்ட்டில் உள்ள போர்ஷே பொறியாளர்களோ குறையை வைத்துக்கொண்டே அதைத் திருத்தத் துணிந்தனர்: தொடக்கத்தில் முன் பம்பருக்குள் எடைக்கட்டிகளை வைத்தனர், 1969 மாதிரியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை 57 மி.மீ. நீட்டினர், பின் டயர்களை அகலப்படுத்தினர், பின் சஸ்பென்ஷனை மீண்டும் மீண்டும் புதிதாக வடிவமைத்தனர். அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் எஞ்சின் அங்கேயே இருக்கிறது. குறையோ பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஒரு பிழையைக் கைவிட்டு ஓடாமல், அதனோடு தலைமுறைகள் தாண்டிப் போராடி அதையே தனிச்சிறப்பாக மாற்றிய இந்த விடாமுயற்சியைத் தவம் என்று சொன்னால் அது மிகையாகாது. ஆர்வலர் நேசிப்பது இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் அல்ல. அவற்றுக்குள் உறைந்திருக்கும் இந்தப் பொறுமையைத்தான்.

பந்தயமும் இந்தக் கோணத்தில் பார்க்கும்போதுதான் பொருள்படுகிறது. ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் 1927-இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் பாதையின் வடக்குச் சுற்று 20 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. அதன் ஏற்ற இறக்கங்களும் வளைவுகளும் வண்டியின் ஒவ்வொரு பொய்யையும் வெளிக்கொணர்ந்துவிடும். பிரான்சின் லெ மானில் இருபத்து நான்கு மணி நேரம் இடைவிடாது ஓடும் பந்தயத்தில் வேகத்தைக் காட்டிலும் தாங்குதிறனே பெரிது. 1970-இல் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டிய 917 வண்டியில் அங்கே முதல் முழு வெற்றியைப் பெற்ற போர்ஷே, 2017 வரை பத்தொன்பது முறை வென்றிருக்கிறது. பட்டறையில் சொல்லப்பட்ட வாக்கு உண்மையா என்று உலகத்தின் முன்னிலையில் சோதிக்கப்படும் இடம் பந்தயக்களம்.

பெங்களூருவிலோ இத்தகைய வண்டியின் வேகத்தைப் பயன்படுத்த ஒரு சாலைகூட இல்லை. வெளிவட்டச் சாலையில் அது ஆட்டோவின் பின்னால் ஊர்கிறது. மைசூரு விரைவுச்சாலையில் மணிக்கு 100 கி.மீ. என்ற வரம்பைப் போலீசார் கேமரா வைத்துக் காக்கின்றனர், காக்கவும் வேண்டும். ஞாயிறு விடியலில் நந்தி மலைக்குச் செல்லும் ஓட்டமே பலருக்கு வாய்க்கும் உச்சம். ஆகவே இந்நகரத்து ஆர்வலர் அனுபவிப்பது வேகம் அன்று, கட்டுப்பாடு. இங்கே கடோபநிடதத்தின் தேர் நினைவுக்கு வருவது இயல்பு. யமன் நசிகேதனுக்கு உரைக்கும் அந்த உருவகத்தில் உடல் தேர், ஆன்மா அதில் அமர்ந்திருப்பவன், புத்தி தேரோட்டி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். ஆயினும் இந்த ஒப்புமையை எளிதாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆர்வலர் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அந்தத் தேர் ஓட்டும் இன்பத்துக்காக ஓட்டப்படுவதில்லை, ஓர் இலக்கை அடைவதற்காகவே ஓட்டப்படுகிறது. ஓட்டுதல் தரும் ஒருமுனைப்பு உண்மையான மனப்பயிற்சியே. அதை ஆன்மிகம் என்று அழைத்துவிடுவது, கேள்வி முடியுமுன்னே விடையைத் தனக்குத் தானே பரிசளித்துக்கொள்வதாகும்.

பழைய வண்டிகளின் உலகில் இதைவிடக் கடினமான மற்றொரு வினா இருக்கிறது. வண்டியின் அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட எண்கள், ஆலையிலிருந்து வெளிவந்தபோது எழுதப்பட்ட பதிவேட்டு எண்களோடு பொருந்தினால் அதை எண் பொருந்திய வண்டி என்பர். பொருந்தாவிட்டால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதன் மதிப்புச் சரிந்துவிடும். இந்திய அரசும் 2021-இல் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தில், ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவத்தில் பேணப்பட்டு, அடிச்சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியையே விண்டேஜ் என்று ஏற்று, 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் வழங்குகிறது. ஆனால் ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் எது மூலம்? டயரும் கிளட்சும் பலமுறை மாறியிருக்கும், துருப்பிடித்த தகடு டிங்கரிங் பட்டறையில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும், பிஸ்டன்கள் ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் தேடிக் கிடைக்காமல், ஏதோவொரு கடைசல் பட்டறையில் புதிதாகக் கடையப்பட்டிருக்கும்.

கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டருக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்ததாகப் பாலி நூலான மிலிந்த பஞ்ஹா சொல்லும் உரையாடலில், தேரில் வந்திறங்கிய அரசனிடம் துறவி கேட்பது இதையேதான்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை என்று அரசன் ஒப்புக்கொண்டபோது, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே என்றும், மனிதன் என்பதும் அவ்வாறே என்றும் நாகசேனர் நிறுவுகிறார். மணிமேகலை பிறந்த மொழிக்கு இந்தச் சிந்தனை அந்நியமானது அன்று. இதை ஏற்றால், எண் பொருந்திய வண்டிக்காகக் கோடிகளைக் கொட்டுவது ஒரு பெயரின் மீது கொள்ளும் மயக்கமே. 1998 வரை வந்த, காற்றால் குளிர்விக்கப்பட்ட எஞ்சின் கொண்ட 911 தான் உண்மையானது, நீரால் குளிர்விக்கப்படுவது போலி என்று அன்பர்கள் இன்றும் நடத்தும் வழக்கும் அதே மயக்கத்தின் மற்றொரு கிளை. எனினும் பௌத்தரின் விடை முழு விடை அன்று. உறுப்புகள் மாறிக்கொண்டே இருந்தும் ஒன்று தொடர்கிறது: அவற்றை மாற்றிய கைகளின் தொடர்ச்சி. பெங்களூருவின் பட்டறைகளில் தமிழும் உருதும் கன்னடமும் கலந்து பேசி, கையேடு இல்லாமலே கார்புரேட்டரை ஒழுங்கு செய்யும் முதிய மெக்கானிக், தன் சீடனுக்கு அந்த ஒலியைக் கேட்கக் கற்றுத்தரும் வரை, வண்டி அதே வண்டியாகவே இருக்கிறது. பழமையின் உறைவிடம் எண் அன்று, பராமரிப்பு. பொருந்திய எண்ணுக்குத் தரப்படும் மதிப்பில் பாதிகூட அந்த மெக்கானிக்குக்குத் தரப்படுவதில்லை என்பது இத்துறையின் பெருங்குறை.

பற்றைப் பற்றி மிகக் கண்டிப்பாகப் பேசிய சமயம் சமணம். அதன் ஐந்து நோன்புகளில் ஒன்றான அபரிக்கிரகம், அதாவது உடைமை கொள்ளாமை, துறவியிடம் முழுமையாக எதிர்பார்க்கப்படுகிறது. இல்லறத்தார் தம் உடைமைக்குத் தாமே முன்கூட்டி ஓர் அளவு வகுத்து அதைத் தாண்டாமல் இருந்தால் போதும். சமணக் குடும்பம் ஒன்று வழிவழியாக நிர்வகிக்க, மஞ்சுநாதராகிய சிவனுக்கு வைணவ மரபைச் சேர்ந்த மாத்வ அர்ச்சகர்கள் பூசை செய்யும் கருநாடகத் தலமான தர்மஸ்தலாவில், 1968 முதல் தர்மாதிகாரியாக இருக்கும் வீரேந்திர ஹெக்கடே பழங்கார்களைத் தேடிச் சேர்ப்பதில் பெயர் பெற்றவர். கோயிலூரின் மஞ்சூஷா அருங்காட்சியகத்திலும், பெங்களூரு–மைசூரு சாலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே அமைந்த 'பயணா' அருங்காட்சியகத்திலும் அவ்வகை வண்டிகள் பொதுமக்கள் பார்வைக்கு நிற்கின்றன. உடைமை கொள்ளாமையைப் போதிக்கும் மரபில் வந்தவர் ஒருவர் கார்களைச் சேர்ப்பது முரணா? தனிக்காட்சிக்கெனப் பூட்டிவைத்த பொருள் பற்றின் சின்னம். அதே பொருள் பள்ளிக்குழந்தை வந்து பார்க்கும் இடத்துக்கு மாறும்போது, அதன் மீதான அன்பு மறையாமலே பற்றின் முள் மட்டும் கழன்றுவிடுகிறது. முல்லைக்கொடி படரத் தன் தேரையே விட்டுச்சென்ற பறம்பின் பாரியைத் தமிழ் மரபு போற்றுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவன் தேரை வெறுத்ததாக எந்தக் கதையும் இல்லை. தேர் தனக்குரியது என்ற எண்ணம் அவனைத் தடுக்கவில்லை என்பதே அவன் பெருமை.

இதுவரை சொன்னவை அனைத்தையும் ஆர்வலர் மகிழ்ச்சியோடு ஏற்பர். பந்தய மரபு என்று அவர்கள் பெருமையோடு சொல்லும் சொத்தின் மறுபாதி இனிதான் வருகிறது. 1934-இல் வண்டியின் எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வந்த விதிக்காக, ஒரு கிலோ மிகுந்த மெர்சிடிஸ் வண்டியின் வெள்ளைச் சாயத்தை இரவோடிரவாகச் சுரண்டியதில் வெள்ளி நிறம் பிறந்தது என்றும், அதனால் 'வெள்ளி அம்புகள்' என்ற பெயர் வந்தது என்றும் ஒரு கதை விரும்பிச் சொல்லப்படுகிறது. அதன் உண்மையை ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். ஐயத்துக்கு இடமில்லாத செய்தி வேறு: 1933-இல் ஆட்சிக்கு வந்த நாஜி அரசு, தன் பெருமையை உலகுக்குக் காட்டுவதற்காக மெர்சிடிஸ்-பென்ஸ், ஆட்டோ யூனியன் ஆகிய இரு பந்தய அணிகளுக்கும் பணம் கொடுத்தது. 1938 ஜனவரி 28 அன்று பிராங்க்ஃபர்ட் அருகே பொதுச்சாலையில் ருடால்ஃப் கரட்சியோலா மணிக்கு 432 கி.மீ.க்கு மேல் ஓட்டிய அதே காலையில், அவரை விஞ்ச முயன்ற ஆட்டோ யூனியன் ஓட்டுநர் பெர்ன்ட் ரோசமையர் மாண்டார். போர்ஷே நிறுவனத்தின் கதையோ இன்னும் வேதனையானது. 1931-இல் ஸ்டுட்கார்ட்டில் ஃபெர்டினாண்ட் போர்ஷேவோடு சேர்ந்து அந்த வடிவமைப்பு அலுவலகத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் அடால்ஃப் ரோசன்பெர்கர். சிறந்த பந்தய ஓட்டுநர், யூதர். 1935-இல் தன் பங்கைக் கைவிட்ட அவர், அதே ஆண்டில் கைது செய்யப்பட்டுக் கிஸ்லாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, விடுதலையான பின் நாட்டை விட்டே வெளியேறினார். போர்க்காலத்தில் இந்த நிறுவனங்களின் ஆலைகள் கட்டாய உழைப்பாளர்களைப் பயன்படுத்தின. அவர்களுக்கு இழப்பீடு தர ஜெர்மன் அரசும் தொழில்துறையும் சேர்ந்து அறக்கட்டளை நிறுவியது 2000-இல்தான்.

பிறகு 1955 ஜூன் 11. லெ மானில் பியர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர், முன்னே சென்ற வண்டியில் மோதி மேலெழும்பிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் சிதறியது. லெவேயும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தனர். பந்தயம் நிறுத்தப்படவில்லை. நள்ளிரவுக்குப் பின், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த தன் வண்டிகளை ஸ்டுட்கார்ட்டில் இருந்த தன் தலைமையகத்தின் ஆணைப்படி மெர்சிடிஸ் அணி திரும்ப அழைத்துக்கொண்டது. தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தபோது, இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை, கழுவாய் செய்தால் போதும் என்ற அமைச்சரின் வாதத்தை ஏற்காத மனுநீதிச் சோழனின் கதை திருவாரூரில் கல்தேராகவே நிற்கிறது. அக்கதையின் தண்டனை இன்றைய மனத்துக்குக் கொடியது. அதன் அடிப்படைக் கருத்தோ இன்றும் அசையாதது: தேரில் ஏறியவன், தான் எண்ணாத விளைவுக்கும் பொறுப்பாளி. வெற்றியின் நடுவே வண்டிகளைத் திருப்பிக்கொண்ட அந்த இரவே மெர்சிடிஸ் பந்தய மரபில் மிக உயர்ந்த தருணம், எந்தக் கோப்பையைக் காட்டிலும். ஆனால் சுவரில் மாட்டப்படும் படங்களில் கோப்பைகளே இருக்கின்றன.

பக்திக்கும் பற்றுக்கும் உள்ள பிரிவு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. பற்று தன் பொருளின் அழகான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறக்க விரும்பும். உண்மையான அன்போ முழுமையை அறிய அஞ்சாது. 1934-இன் வெற்றியைத் தன் மரபு என்று கொள்கிறவர் ரோசன்பெர்கரையும் தன் மரபாகக் கொள்ள வேண்டும். அவரை விட்டுவிட்டு வெள்ளி நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்வது மரபைப் பேணுவது ஆகாது. கோடி ரூபாய் வண்டிகள் ஓடும் நகரத்தில் பேருந்துக்காக மணிக்கணக்கில் நிற்பவர்கள் இருக்கும்போது இந்த ஆராய்ச்சியே தேவையா என்ற எதிர்ப்பும் எழக்கூடும். அது நேர்மையான எதிர்ப்பு. அதற்கு முழு விடை இங்கே இல்லை. ஆனால் அன்பை அடக்குவதால் பேருந்து வந்துவிடாது. அன்பு எத்திசையில் செல்ல வேண்டும் என்று கேட்பதே பயனுள்ளது. 1996 முதல் மெர்சிடிஸ்-பென்ஸ் தன் ஆராய்ச்சிப் பிரிவை இயக்கிவரும் இந்நகரத்தில், அந்த வண்டிகளின் மூளையை எழுதும் பொறியாளர்களில் பெரும்பாலோர் அவற்றில் ஒன்றைக்கூட வாங்கப்போவதில்லை. ஆயினும் ஆயுத பூசையின் பொருளை அவர்களே அதிகம் அறிந்தவர்கள்.

ஆதலால் பெங்களூருவின் பழங்கார் உரிமையாளர்களிடமும் சங்கங்களிடமும் வைக்கத்தக்க வேண்டுகோள் இரண்டு. ஆயுத பூசை வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் கராஜின் கதவைத் திறந்து, அரசு ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவர்களை எஞ்சினைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். அருகில் உங்கள் மெக்கானிக்கை நிறுத்தி அவரையே பேசச் சொல்லுங்கள். கண்காட்சியில் வெள்ளி அம்புகளின் படத்தை வைக்கும்போது, அதன் பக்கத்தில் அடால்ஃப் ரோசன்பெர்கரின் படத்தையும் லெ மானில் இறந்தவர்களுக்கென ஒரு பலகையையும் வையுங்கள்.